பணம் இருந்தும் ஏன் கைவிரிக்கிறார்கள்? இளம் இசைக் கலைஞர்களுக்கு உதவும் ஓர் அறநிறுவனத்தின் ஓராண்டுக் கணக்கு

பிரிட்டனில் இளம் இசைக் கலைஞர்களுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையை முதன்முறையாகப் புரட்டுபவருக்குத் தலை சுற்றும். முன்பக்கத்தில் வயலினைத் தோளில் சாய்த்துச் சிரிக்கும் பிள்ளைகள். நாலு பக்கம் தள்ளினால், விண்ணப்பித்த பலருக்கு உதவ முடியவில்லை என்ற வருத்தம். இன்னும் பத்துப் பக்கம் தள்ளினால், வங்கியிலும் முதலீட்டிலும் லட்சக்கணக்கில் பவுண்டுகள். கடைசியில், இந்த ஆண்டு வரவைவிடச் செலவு அதிகம் என்று ஒரு வரி. பணம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் கைவிரிக்கிறார்கள்? இல்லையென்றால் அந்த லட்சங்கள் யாருடையவை?

பெரும்பாலான சமயங்களில் இதில் தில்லுமுல்லு எதுவும் இருக்காது. ஒரு பிள்ளை இசைக் கலைஞராக உருவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். கணக்குப் புத்தகத்தையோ பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியாக வேண்டும். நீளமான வேலையைக் குட்டையான கோலால் அளக்கும்போது வரும் குழப்பம்தான் இது. அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## அறநிறுவனம் என்பது எது?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2011ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டம் இருக்கிறது. எவையெல்லாம் அறநோக்கம் என்று அது 13 தலைப்புகளில் பட்டியல் போடுகிறது. கல்வி வளர்ச்சி, கலை பண்பாட்டு வளர்ச்சி, வறுமை நீக்கம் ஆகியவை அதில் அடக்கம். இசை தொடர்பான அமைப்புகள் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ் வந்துவிடும். நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பொதுமக்களுக்குப் பயன் இருக்க வேண்டும். சொந்தப் பேத்தியின் பியானோ வகுப்புக்காக ஒரு தாத்தா அறநிறுவனம் தொடங்கி வரிச்சலுகை வாங்கிவிட முடியாது.

இவற்றைக் கண்காணிப்பது அறநிறுவன ஆணையம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பானவர்கள் அறங்காவலர்கள். அநேகமாகச் சம்பளம் வாங்காதவர்கள். நிதியாண்டு முடிந்த 10 மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, 'இந்த ஆண்டு' என்று நாம் படிப்பது சில சமயம் பத்து மாதப் பழசு. அந்த ஆண்டின் முதல் நாளோ கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு முந்தையது.

## உதவி என்பது ஒரே வகை அல்ல

'இளம் இசைக் கலைஞர்' என்ற சொல்லுக்குள் ஐந்து வயதுப் பிள்ளையும் வரும், இருபத்தைந்து வயதில் முதல் மேடைக்கு அலைபவரும் வருவார். ஆகவே நிறுவனங்களும் வேறுவேறு.

1. குடும்பத்துக்கு நேரடியாக உதவுபவை. வருமானம் குறைந்த குடும்பங்களின் திறமையுள்ள பிள்ளைகளுக்காக 1998இல் தொடங்கிய 'அவார்ட்ஸ் ஃபார் யங் மியூசிஷியன்ஸ்' இந்த வகை.

2. கூடி வாசிக்க இடம் தருபவை. ரூத் ரெயில்டன் 1948இல் தொடங்கிய பிரிட்டன் தேசிய இளைஞர் இசைக்குழு பதின்ம வயதினருக்கானது. இந்திய இசைக்கென்று லிவர்பூலின் மிலாப் அமைப்பு 'சம்யோ' என்ற இளைஞர் குழுவை உருவாக்கியது.

3. படிப்பு முடித்துத் தொழிலுக்குள் நுழைபவர்களைத் தாங்கிப் பிடிப்பவை. 1984இல் தொடங்கிய 'யங் கிளாசிக்கல் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரஸ்ட்' ஓர் உதாரணம்.

4. ஒரு பேட்டையையே எடுத்துக்கொள்பவை. ஸ்டர்லிங் நகரின் ராப்லாக் பகுதியில் 2008இல் 'பிக் நாய்ஸ்' என்ற பெயரில் ஆரம்பித்த சிஸ்டமா ஸ்காட்லாந்து. 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்டமா' என்ற இசைக் கல்வி இயக்கத்தின் வழி வந்தது.

5. வாத்தியத்தைக் கடனாகக் கொடுப்பவை. இவற்றைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த வகைகளுக்குள் சிக்காதவையும் உண்டு. 1921 ஜனவரியில் ஜெர்வேஸ் எல்வெஸ் என்ற ஆங்கிலேயப் பாடகர் அமெரிக்காவின் பாஸ்டன் ரயில் நிலையத்தில் இறங்கினார். ரயிலிலிருந்து விழுந்த ஒரு மேலங்கியைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தவர், நகர்ந்துகொண்டிருந்த பெட்டியில் அடிபட்டு இறந்தார். அவர் நினைவாக நண்பர்கள் திரட்டிய நிதிதான் இன்று 'ஹெல்ப் மியூசிஷியன்ஸ்' என்ற பெயரில் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. ஒருவருடைய சாவிலிருந்தோ உயிலிலிருந்தோ பிறந்த நிறுவனங்கள் இந்தத் துறையில் நிறைய. முதலில் பணம் கொடுத்தவரின் விருப்பம் எத்தனை பத்தாண்டு ஆனாலும் கூடவே வரும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

## ஒரு பிள்ளைக்கு அப்படி என்ன செலவு?

வயலினையே எடுத்துக்கொள்வோம். சிறு பிள்ளைக்குப் பெரியவர்களின் வயலின் ஒத்துவராது. பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் இருக்கின்றன. ஆசிரியர் பிள்ளையின் மோவாய்க்கடியில் வயலினை வைத்து, இடக்கையை நீட்டச் சொல்வார். முழங்கை லேசாக மடங்கிய நிலையில் விரல்கள் வயலின் நுனியிலுள்ள சுருளைச் சுற்றி வளைந்தால் அளவு சரி. அடுத்த வருடம் அதே பிள்ளையின் கை சுருளைத் தாண்டி நீண்டிருக்கும். காலணி மாற்றுவது போலத்தான். என்ன, காலணிக்கு வில்லும் கம்பியும் பெட்டியும் தனியாக வாங்க வேண்டியதில்லை.

சின்ன அளவுகளை வாடகைக்கு எடுத்துச் சமாளித்துவிடலாம். பன்னிரண்டு வயது வாக்கில் முழு அளவுக்கு மாறும்போதுதான் குடும்பம் திணறும். அதுவரை தொழிற்சாலை வயலினில் வாசித்த பிள்ளை, இனி நாதமுள்ள ஒன்றைக் கேட்கும் கட்டத்துக்கு வந்திருக்கும். வில்லின் விலை தனிக்கதை. யாழ் போன்ற ஹார்ப் வாசிக்கும் பிள்ளை என்றால் நிலைமை இன்னும் மோசம்: சிறிய ஹார்ப்பிலிருந்து 47 தந்திகளும் 7 மிதிகளும் கொண்ட மேடை ஹார்ப்புக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். அதைத் தூக்கிப்போகக் காரும் பெரிதாக வேண்டும்.

வாத்தியத்தோடு நிற்பதில்லை. தனி வகுப்பு, பியானோவில் உடன் வாசிப்பவருக்குக் கட்டணம், 1889இல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். போன்ற அமைப்புகளின் எட்டுப் படித் தேர்வுகள், கோடைப் பயிற்சி முகாம். தேறிய பிள்ளைகள் லண்டனின் ராயல் அகாடமி, ராயல் காலேஜ் போன்ற இசைக் கல்லூரிகளின் இளையோர் பிரிவுக்குச் சனிக்கிழமைதோறும் போவார்கள். லண்டனுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு வாராவாரம் ரயில் செலவு, அதுவும் கூடவே போகும் பெரியவருக்கும் சேர்த்து. அந்தப் பெரியவர் சனிக்கிழமை வேலைக்குப் போகிறவராக இருந்தால் அன்றைய கூலியும் போச்சு. இது எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இசை நடனத் திட்டம் என்ற பெயரில், பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துச் சிறப்பு இசை, நடனப் பள்ளிகளுக்கும் சனிக்கிழமை வகுப்புகளுக்கும் உதவித்தொகை கொடுக்கிறது. இங்கிலாந்தில் பள்ளிகளோடு சேர்ந்து இசைக் கல்வியை ஒருங்கிணைக்கும் மையங்கள் 2012 முதல் உள்ளன. நூற்றுக்கும் மேல் இருந்தவற்றை 2024 செப்டம்பரில் 43 ஆக இணைத்தார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 2025 ஜனவரி முதல் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது. இங்கிலாந்தின் சிறப்பு இசைப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளே. அரசு ஓர் அடி நகர்ந்தால் அறநிறுவனத்தின் வாசலில் வரிசை நீளும் அல்லது குறையும். அநேகமாக நீளும்.

## ஆண்டு எங்கே தொடங்குகிறது?

இசைக் கல்லூரியில் சேர நினைக்கும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் நாள்காட்டியைப் பாருங்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சேர, இந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஆடிஷன். இடம் கிடைத்தது தெரிந்த பிறகுதான் வீட்டில் கணக்குப் போடுவார்கள். ஜனவரியிலிருந்து அறநிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் பறக்கும். வசந்த காலத்தில் நேர்காணல், கோடையின் தொடக்கத்தில் முடிவு. பணம் கைக்கு வருவது செப்டம்பரில்.

இப்போது அந்த அறநிறுவனத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது என்று வையுங்கள். விண்ணப்பங்களைப் படித்த செலவு ஓர் ஆண்டில், உதவித்தொகை அடுத்த ஆண்டில். இந்தச் சங்கடத்துக்காகவே சில நிறுவனங்கள் ஆகஸ்ட் 31ஐ ஆண்டு முடிவாக வைத்துக்கொள்கின்றன. இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் அட்டையிலுள்ள தேதியைப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

## பணத்துக்கும் சாதி உண்டு

குழப்பத்தின் நடுக்கூடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் அறநிறுவனத்திடம் இருக்கும் பணம் எல்லாம் ஒன்றல்ல. சட்டமும் கணக்கியல் விதிகளும் அதைப் பிரிக்கின்றன.

1. கட்டற்ற நிதி: நிறுவனத்தின் நோக்கத்துக்குள் எதற்கும் செலவழிக்கலாம். அலுவலக வாடகையும் இதிலிருந்துதான்.

2. நோக்கம் குறித்த நிதி: கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டும். 'ஓபோ வாசிப்பவர்களுக்கு' என்று வந்த பணத்தை டிரம்பெட் பிள்ளைக்குக் கொடுத்தால் அது அறங்காவலர்கள் செய்த நம்பிக்கை மீறல். அந்தப் பிள்ளை எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி.

3. நிலைநிதி: நம் ஊர்க் கோயில் கட்டளைகளைப் போன்றது. அசலைத் தொடாமல், வரும் வருமானத்தை மட்டும் செலவிட வேண்டும். அசலையும் தேவைப்பட்டால் எடுக்கலாம் என்ற வகையும் உண்டு.

4. ஒதுக்கீட்டு நிதி: கட்டற்ற பணத்தில் ஒரு பகுதியை அறங்காவலர்களே ஒரு காரியத்துக்கென்று எடுத்து வைப்பது. அவர்களே மனம் மாறித் திருப்பியும் எடுக்கலாம்.

ஒரு பேச்சுக்கு, வங்கியும் முதலீடும் சேர்த்து 10 லட்சம் பவுண்டு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். அதில் 6 லட்சம் தொடக்கூடாத நிலைநிதி. 4 சதவீத வருமானம் என்றால் ஆண்டுக்கு 24,000. இரண்டரை லட்சம், கொடுத்தவர்கள் நோக்கம் குறித்த பணம். ஒரு லட்சம், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பிள்ளைகளுக்கு அடுத்த தவணைகள். மிஞ்சியது 50,000. நன்கொடை நின்றுபோனால் சில மாதச் சம்பளத்துக்கு இதுதான் பாதுகாப்பு. செய்தித் தலைப்பில் '10 லட்சம் வைத்துக்கொண்டு உதவ மறுப்பு' என்று வரும். நிஜத்தில் ஒரு புதுப் பிள்ளைக்கு 'சரி' சொல்லலாமா என்று அறங்காவலர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசிப்பது அந்த 24,000ஐ வைத்துத்தான்.

அப்புறம் பற்றாக்குறை. நான்கு ஆண்டுப் படிப்புக்கும் உதவுகிறோம் என்று நிபந்தனையின்றி ஒரு மாணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், கணக்கு விதிப்படி நான்கு ஆண்டுத் தொகையையும் அந்த முதல் ஆண்டின் செலவாகவே காட்ட வேண்டும். வங்கியிலிருந்து பணம் இன்னும் போகவே இல்லை, ஆனால் ஏட்டில் பெரிய துண்டு. இதற்கு நேரெதிர் உயில் கொடை. யாரோ ஒரு பழைய பியானோ ஆசிரியை தன் வீட்டை எழுதி வைத்துவிட்டுப் போனால், அது வருவது உறுதியானதுமே வரவில் ஏறிவிடும். அந்த ஆண்டு அமோக உபரி போலத் தெரியும், அடுத்த ஆண்டு அதலபாதாளம். இரண்டுமே நிர்வாகத்தின் சாமர்த்தியத்தையோ கோளாறையோ காட்டுவதில்லை. ஓர் ஆண்டு உபரியை வைத்துப் பாராட்டுவதும் ஓர் ஆண்டு துண்டை வைத்துத் திட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

சிறு நன்கொடைகளுக்கு 'கிஃப்ட் எய்ட்' என்ற ஏற்பாடு உண்டு. வரி கட்டும் ஒருவர் 1 பவுண்டு கொடுத்தால் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். நிறுவனங்கள் இதற்குப் படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்லிக் கெஞ்சுவதன் காரணம் அதுதான். பெரும்பாலும் கட்டற்ற நிதியில் விழும் பணம் என்பதால், தொகையைவிட அதன் மதிப்பு அதிகம்.

## விற்க முடியாத சொத்து: வாத்தியக் கடன்

உயர்ந்த பழைய வாத்தியங்களின் விலை எந்த இளைஞருக்கும் எட்டாது. எட்டிப் பிடித்த பெரிய கலைஞர்களும் குறைவு. 2016இல் பிபிசி இளம் இசைக் கலைஞர் பட்டம் வென்ற ஷெகு கானே மேசன் இன்று வாசிப்பது 1700இல் மத்தேயோ கொஃப்ரில்லர் செய்த செலோ, அதாவது தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் வகை. 2004இல் அதே பட்டம் பெற்ற நிக்கோலா பெனடெட்டி வாசிப்பது புகழ்பெற்ற இத்தாலிய வாத்தியத் தச்சர் ஸ்ட்ராடிவாரி 1717இல் செய்த வயலின். இரண்டுமே அவர்களுக்குச் சொந்தமில்லை, இரவல்தான். உலகத்துக்கே தெரிந்தவர்கள் நிலை இது என்றால், பதினாறு வயதில் ஆடிஷனுக்குப் போகும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

வாத்தியங்களை வைத்திருக்கும் அறநிறுவனத்தின் கணக்கில் அவை சொத்தாக ஏறும். மதிப்பு கூடக்கூட நிறுவனம் பணக்கார நிறுவனமாகத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வயலினால் யாருக்கும் சம்பளம் போட முடியாது. மாறாக அது செலவு வைக்கும்: காப்பீடு, ஆண்டுதோறும் பரிசோதனை, ஒட்டு விட்டுப்போனால் பழுது. மதிப்பு ஏறினால் காப்பீட்டுத் தொகையும் ஏறும். 'சொத்து பெருகியது, செலவும் பெருகியது, உதவி பெருகவில்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

விற்றுவிட்டால் என்ன? விற்றவர்கள் இருக்கிறார்கள். இளம் கலைஞர்களுக்கு ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களை இரவல் கொடுக்கும் ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளை, 1721ஆம் ஆண்டின் 'லேடி பிளண்ட்' வயலினை 2011இல் ஏலத்தில் விற்றது. கிடைத்த 98 லட்சம் பவுண்டு அந்த ஆண்டு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கம், சுனாமி நிவாரணத்துக்குப் போனது. அது அசாதாரணமான தருணம். சாதாரணமாக ஒரு நிறுவனம் நல்ல வாத்தியத்தை விற்று அந்த ஆண்டின் உதவித்தொகையைக் கூட்டினால், அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை வாசித்திருக்கக்கூடிய ஏழெட்டுப் பேருக்கு அது இல்லாமல் போகும்.

கடனுக்குக் காலக்கெடு உண்டு. வயது வரம்பு வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் கழுத்தோடு ஒட்டிக் கிடந்த வயலின், அதன் எந்தக் கம்பி எந்த ஈரப்பதத்தில் முரண்டு பிடிக்கும் என்பது வரை தெரியும், அதைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அறிக்கையில் இது 'சுழற்சி' என்ற ஒரு சொல்லாக இருக்கும்.

## எத்தனை பேர் என்பதைவிட எத்தனை காலம்

ஆண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் வருவது 'இத்தனை ஆயிரம் பிள்ளைகளைச் சென்றடைந்தோம்' என்ற எண். பள்ளி மண்டபத்தில் ஒரு மணி நேரம் கச்சேரி கேட்ட பிள்ளையும் அதில் ஒன்று. ஆறு ஆண்டுகள் வகுப்புக்கும் வாத்தியத்துக்கும் பயணத்துக்கும் பணம் பெற்ற பிள்ளையும் அதில் ஒன்று. முதலாவது வீண் என்று சொல்லவில்லை. பல பேருக்கு ஆசை பிறப்பதே அங்கேதான். ஆனால் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவது என்னைக் கேட்டால் கொஞ்சம் கண்கட்டு வேலை.

இதற்கு நிறுவனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பணம் கொடுப்பவர்கள் எண்ணைக் கேட்கிறார்கள். பல மானியங்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் வருகின்றன; ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது மானியம் முடிந்திருக்கும். சிஸ்டமா ஸ்காட்லாந்து போன்ற திட்டங்கள் ஒரு பிள்ளையோடு குழந்தைப் பருவம் முழுவதும் கூடவே நடக்கும் நோக்கம் கொண்டவை. அதன் விளைவைக் கிளாஸ்கோ மக்கள் நலவாழ்வு மையம் நீண்ட காலத் தொடராய்வாகக் கவனித்து வருகிறது. அப்படியிருந்தும் 2023இல் அபர்டீன் நகர மன்றம் தன் வரவு செலவுத் திட்டத்தில் அந்நகரின் டாரி பகுதியில் நடக்கும் பிக் நாய்ஸ் திட்டத்துக்கான நிதியை வெட்ட முடிவெடுத்தது. பத்தாண்டுப் பயிருக்கு ஓராண்டு வாய்க்கால்.

இன்னொரு தவறான வாசிப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'பாதிப் பணம் சம்பளத்துக்கே போகிறது'. காசோலை எழுதிக் கொடுப்பது மட்டுமே வேலையான நிறுவனத்தில் அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிக் நாய்ஸ் போன்ற ஒன்றில் சம்பளம் வாங்குபவர் செலோ சொல்லித் தரும் ஆசிரியர். அங்கே உதவி என்பதே அந்த ஆசிரியர்தான்.

தேர்விலும் இதே கால வித்தியாசம் தெரியும். ஐந்து ஆண்டு தனி வகுப்புப் போன பிள்ளை சுத்தமாக வாசிக்கும். பள்ளியில் குழுவாகக் கற்ற பிள்ளை சுருதி சற்று விலகி வாசிக்கும். ஆனால் ஒரு தாளத்தை ஒருமுறை கேட்டதும் திருப்பித் தட்டிவிடும். இன்றைய வாசிப்பைத் தேர்ந்தெடுப்பதா, நாளைய வாசிப்பையா? ஒரு விருதுக்கு முதலாவது சரி. வறுமையால் பின்தங்கியவர்களுக்கு உதவ வந்த நிறுவனம் முதலாவதை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே செலவழிக்க முடிந்த குடும்பங்களுக்கே பணம் போய்ச் சேரும்.

## அறிக்கையைக் கையில் எடுத்தால் எங்கே பார்ப்பது?

1. நிதி நடவடிக்கை அறிக்கை என்ற பக்கத்தில் மொத்தத்தைப் பார்க்காமல் நெடுக்கு வரிசைகளைப் பாருங்கள். கட்டற்றது, நோக்கம் குறித்தது, நிலைநிதி என்று தனித்தனியே இருக்கும். புதிதாக யாருக்காவது உதவும் சக்தி முதல் வரிசையில் தெரியும்.

2. கையிருப்புக் கொள்கை என்று ஒரு பத்தி இருக்கும். எத்தனை மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள், உண்மையில் எவ்வளவு இருக்கிறது, ஏன் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் பல ஆண்டுச் செலவைக் கட்டற்ற நிதியாகவே குவித்து வைத்திருந்தால், அங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது.

3. மூன்று நான்கு ஆண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் படியுங்கள். ஆணையத்தின் பதிவேட்டில் பழையவையும் கிடைக்கும். ஓர் ஆண்டின் துள்ளலும் சரிவும் அப்போது சமனாகிவிடும்.

4. சென்ற ஆண்டு உதவி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆண்டும் உதவி தொடர்கிறது என்று தேடுங்கள். பல அறிக்கைகளில் இந்த எண் இருக்காது. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். கைவசம் வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.